வில்லிபுத்தூரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். அப்போதே பதில் சொல்லப் போனால் இருவரும் அழுதுவிடுவோம் என்பதால் எழுதுகிறேன். நீ கேட்டது இதுதான்: "அந்தப் பையன் மேல் எனக்கு இருப்பது அன்பா, இல்லை இந்த ஊரில் தனியாகக் கிடப்பதால் வந்த ஏக்கமா?" கல்யாணத்துக்கு முன்பே இப்படிக் கேட்டுக்கொள்ளத் தெரிந்த பெண்கள் குறைவு. நீ கேட்டதில் எனக்குப் பெருமைதான்.

சிறிய ஊரில் ஒரு பெண் தனியாக வாடகைக்கு இருந்து வேலைக்குப் போவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். முன்பணம் பேசுவதற்கு முன்பே "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டுவிடுவார்கள். அடுத்த கேள்வி, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, சலூன் இருக்கிறது, பஸ் நிலையத் திண்டு இருக்கிறது. ஒரு காரணமும் இல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். பெண் உட்கார வேண்டுமானால் ரேஷன் வரிசையோ ஆஸ்பத்திரியோ கோயிலோ வேண்டும். சிவகாசியில் வங்கி வேலை முடிந்து, வில்லிபுத்தூர் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை உன்னோடு பேச ஆளில்லை. அப்படியிருக்க, தினமும் அதே பஸ்ஸில் வந்து "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறவன் மனத்தில் இடம் பிடிக்காமல் இருப்பானா? இதில் நீ வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கண்ணு, உனக்கு இப்போது இரண்டு குறைகள் இருக்கின்றன. உன்னுடையது என்று சொல்ல ஓர் ஊர் இல்லை. துணையென்று ஒருவர் இல்லை. துணை கிடைத்துவிட்டால் ஊரும் தானாகக் கிடைத்துவிடும் என்று சொல்லியே நம் பெண்களை வளர்த்திருக்கிறார்கள். பிறந்த வீட்டை விட்டால் புகுந்த வீடு. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு தெருகூடக் கிடையாது. அந்த நடுவில் நிற்கிறவள் முதலில் நீளும் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நம் உறவிலேயே அப்படிப் போனவர்கள் உண்டு. சிலர் நன்றாகவே வாழ்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கணவன் ஒருவனே ஊரும் உறவுமாகிப் போனவளுக்கு, அவனோடு ஒரு நாள் சண்டை வந்தால் போய் உட்கார்ந்து மூச்சு விட இடமில்லை. அந்த நிலை உனக்கு வரக்கூடாது.

அதனால் முதலில் ஊரைப் பிடி. நீ இருப்பது ஆண்டாளின் ஊர். பெற்றவர் யாரென்று தெரியாமல், நந்தவனத்துத் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை அவள். தான் விரும்பியவரைத் தவிர வேறொருவருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னவள். அவளை அந்த ஊர் தன் வீட்டுப் பெண்ணாகவே வைத்திருக்கிறது. ஆடிப் பூரத்துக்குத் தேர் இழுக்கிறது, பங்குனி உத்திரத்தில் ரங்கமன்னாருக்குக் கல்யாணம் செய்துகொடுக்கிறது, நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாக ஒரு கிளி செய்து அவள் கையில் வைக்கிறது. அவள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்துக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும் போகிறது. என்ன ஆட்கள் என்று கேட்காமல் ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்ட ஊரில், உனக்கும் ஓர் இடம் கேட்கும் உரிமை இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

மாலையில் கோயில் பிராகாரத்தில் போய் உட்கார். பூக்கட்டும் பெண்களிடம் பேச்சுக் கொடு. நூலகத்தில் சேர். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்களைச் சாப்பிடக் கூப்பிடு. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவர, நாலு பேர் வேண்டும். அவர்கள் கிடைத்த பிறகும் அந்தப் பையனைப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனி. அப்போது வரும் பதிலை நீ நம்பலாம்.

அவன் காலண்டர் அச்சகத்தில் வேலை செய்கிறான் என்றாய். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளிவரும். பிறகு மார்கழி வரை சிவகாசியில் அந்தத் தொழிலாளிகளுக்கு ஓய்வு ஏது? தூக்கம் கெட்டு, மேலாளரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வரும் நாளில் உன்னிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார். "இன்றைக்குப் பேச முடியாது" என்று நீ சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான்? உன் கைபேசியை வாங்கிப் பார்க்கிறானா? சம்பளக் கணக்கு கேட்கிறானா? யாருக்கும் தெரியாமல் தனியாக வா என்று வற்புறுத்துகிறானா? இன்னொன்றும் கேள்: அவனுடைய தங்கை ஒருவனை விரும்பினால் அவன் என்ன செய்வான்? இதற்கு அவன் சொல்லும் பதிலை எனக்கு அப்படியே சொல்.

அவன் என்ன சாதி என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் கேட்கிறவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். 2016-இல் உடுமலைப்பேட்டையில், விரும்பியவளை மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞனைப் பட்டப்பகலில், சாலையில் அத்தனை பேர் பார்க்க வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து என் வயிற்றில் இருக்கும் பயம் இன்னும் போகவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தங்களிலும் யார் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதே.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது. வயது வந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இருவரும் இந்துக்கள் என்றால், தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும், புரோகிதர் வேண்டாம். வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயரை ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து படித்துவிட்டுப் போகக்கூடிய காகிதம் அது. அப்படி ஒரு நிலை வந்தால் அந்த 30 நாளும் நீ தனியாக அறையில் இருக்கக் கூடாது, நம் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்கும் பாதுகாப்பான இடம் பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

இவன் சரிப்படவில்லை என்று உனக்கே தோன்றினால் தயங்காமல் விலகிவிடு. இத்தனை நாள் பேசிவிட்டோமே என்று எண்ணாதே. யாரையும் மணக்காமல் இருந்தாலும் இந்த வீட்டில் உன் அறை உன்னுடையதுதான்.

அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பையன் அவளை மரியாதையாக நடத்துகிறானா?" என்று மட்டும் கேட்டார். ஆடிப் பூரத்துக்கு நாங்கள் இருவரும் பொதிகை வண்டியில் விழுப்புரத்திலிருந்து ஏறி வருகிறோம். கூட்டம் அதிகமாக இருக்கும், உன் வீட்டுக்கார அம்மாவிடம் நாங்கள் தங்குவதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவை. தேரோட்டம் முடிந்த மறுநாள் அவனுக்கு விடுப்புக் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல். மீன் குழம்பு சாப்பிடுவானா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா