பெற்றோர் ஆசிரியர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், ஆசிரியர்கள், வந்திருக்கிற பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு தடவை கூடுச்சு, பொதுக்குழு ரெண்டு தடவை. விளையாட்டு விழா, கண் பரிசோதனை முகாம் ரெண்டும் நல்லபடியா முடிஞ்சது. நூலகத்துக்கு அலமாரி வாங்கியாச்சு.

இனி சண்டை தடுப்பு திட்டம். இதுக்கு எதுக்கு சங்கப் பணம், அடிச்சவனை சஸ்பெண்ட் பண்ணா போதாதான்னு பல பேர் கேட்டீங்க, அதுக்கு இங்க பதில் சொல்லியே ஆகணும். சஸ்பெண்ட் ஆனவன் அதே கோபத்தோட திரும்பி வர்றான், அடி வாங்கினவனுக்கு பயம் அப்படியே இருக்கு. அமெரிக்க உளவியல் சங்கத்தோட குழு ஒண்ணு 2008ல, தப்பு பண்ணா உடனே சஸ்பெண்ட், டிஸ்மிஸ்ங்கற கடுமையான முறையை அலசிப் பாத்துட்டு, இதனால பள்ளிக்கூடம் பாதுகாப்பாச்சுங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னுதான் சொல்லுச்சு.

நார்வேல 1983ல டான் ஓல்வியஸ்ங்கற உளவியல் ஆய்வாளர், பள்ளிக்கூடத்துல பசங்க பசங்களையே கொடுமை பண்றதைத் தடுக்க ஆரம்பிச்ச திட்டத்துல முதல் வேலையே பேர் போடாத கேள்வித்தாள். எங்க நடக்குது, எப்ப நடக்குதுன்னு பசங்களே சொல்லணும், அந்த இடத்துல இடைவேளை நேரம் பெரியவங்க நிக்கணும். நாமளும் அதையே செஞ்சோம். பெரும்பாலான தாள்ல வந்தது பின்பக்க மாடிப்படி திருப்பம். ஒரு தாள்ல மட்டும், "எனக்கு எதுவும் நடக்கல, ஆனா நான் அந்தப் பக்கம் போறதே இல்ல"ன்னு பென்சில்ல எழுதியிருந்துச்சு, அந்தத் தாளை இன்னும் ஃபைல்ல வச்சிருக்கேன்.

அடுத்தது, சுத்தி நின்னு பாக்குறவங்க. பின்லாந்துல இதே மாதிரி பள்ளிக் கொடுமையைத் தடுக்கற கீவா திட்டம் இவங்களை மாத்தறதுலதான் கவனம் வைக்குது, ஏன்னா கூட்டம் சிரிக்கலன்னா கொடுமை பண்றவனுக்கு மவுசு போயிடும். ஏழாம் வகுப்புல இதை நடிச்சுக் காட்டச் சொன்னோம், ஒரு பொண்ணு எதுவும் பேசாம போய் அடிவாங்குற பையன் பக்கத்துல நின்னுச்சு, வகுப்பே அமைதியாயிடுச்சு.

ரெண்டு பேரையும் உக்கார வச்சு சமாதானம் பேசலாமேன்னு முதல்ல நானும் நினைச்சேன். சரிசமமான ரெண்டு பேர் சண்டைக்கு அது சரி, ஆனா தினமும் ஒருத்தனையே மிரட்டுற இடத்துல பயந்தவன் பயத்துலயே தலையாட்டிடுவான், அதனால தனித்தனியாத்தான் பேசணும்னு ஆசிரியை ஒருத்தர் புரிய வச்சாங்க.

சண்டை நின்னுபோச்சுன்னு சொல்ல மாட்டேன். வருஷக் கடைசில ரெண்டாவது கேள்வித்தாள் கொடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், எண்ணிப் பாக்க ஆள் வரல. மாடிப்படி டூட்டிக்கு 24 பேர் கையெழுத்து போட்டீங்க, முதல் வாரம் ஒன்பது பேர், மூணாவது மாசம் நானும் ரெண்டு அம்மாக்களும் மட்டும்தான். எங்க மூணு பேராலயும் போக முடியாத ஒரே நாள், அன்னிக்குத்தான் எட்டாம் வகுப்பு பையனுக்கு உதடு கிழிஞ்சுது. அன்னிக்கு டூட்டி யாருதுன்னு நான் இங்க படிக்கல, ஆனா அது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது.

வரவு செலவு ஏறக்குறைய சரியா வந்திருக்கு, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, ரசீதெல்லாம் பொருளாளர் கிட்ட பாத்துக்கலாம். சந்தா பாதிப் பேருக்கு மேல பாக்கி. ஜெராக்ஸ் செலவை நானே போட்டேன், அதைத் திருப்பிக் கேக்கல.

ஒத்துழைச்ச தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், செயற்குழு எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்புக்கு வேற யார் வந்தாலும் கேள்வித்தாள், ஃபைல் எல்லாத்தையும் ஒப்படைச்சு கூடவே நிப்பேன். புது டூட்டி அட்டவணை வாசல் மேசைல இருக்கு, செவ்வாய், வியாழன் மதிய இடைவேளை இன்னும் காலியா இருக்கு, பேனாவும் பக்கத்துலயே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
செயலாளர்