பிளக் பழையதாக இருக்கட்டும், வாஷரை மாற்றுங்கள்: சிங்கப்பூர் வாகனப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

காக்கி புக்கிட், ஊபி, சின் மிங், புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் ஆகிய வட்டாரங்களிலும் பிற இடங்களிலும் வாகனப் பட்டறை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், அங்கே கையில் ஸ்பேனருடன் நாள் முழுவதும் நிற்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிரெயின் பிளக்கின், அதாவது பழைய எண்ணெயை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றும் திருகின், வாஷரை (அதன் தலைக்கு அடியில் இருக்கும் உலோக வளையத்தை) புதிதாகப் போடுங்கள். பிளக்கை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, அந்த வாகனத்தின் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இவ்விரண்டையும் செய்ததாகப் பில்லில் ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஒரு சிறு வளையத்துக்காகத் திறந்த மடலா என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். பேருந்துப் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் என் உறவினர்களும் அண்டை வீட்டாரும் எண்ணெய்க் கசிவு என்று என்னிடம் காட்ட அழைத்த கார்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் அந்த வளையத்திலோ, அதை மாற்றாமல் விட்டதை ஈடுகட்டக் கையாண்ட பலத்திலோதான் இருந்தது.

கடற்பாலத்துக்கு அப்பால், ஜோகூரில் வீட்டு முற்றம் உள்ளவர்கள் பலர் தங்கள் காரின் எண்ணெயைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்பவருக்கு முதல் முறையிலேயே எழும் கேள்வி, கழற்றிய பிளக்கைத் திரும்பப் போடலாமா, புதியது வாங்க வேண்டுமா என்பதுதான். அவர் கையேட்டைப் புரட்டுவார், உதிரிபாகக் கடைக்காரரைக் கேட்பார், வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறோம். பொது வாகன நிறுத்துமிடம் காரைத் தூக்கி வைத்து எண்ணெய் வடிக்கும் இடமன்று. எனவே அந்தக் கேள்விக்கான பதிலை எங்களுக்காக நீங்களே முடிவு செய்கிறீர்கள். என்ன முடிவு செய்தீர்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிவதே இல்லை. பில்லில் எண்ணெயின் பெயரும் லிட்டர் கணக்கும் ஃபில்டரும் கூலியும் இருக்கும். வாஷர் என்ற சொல்லைக் காண்பது அரிது.

பிளக் தேய்ந்துபோகும் பொருளன்று. பெரும்பாலான வண்டிகளில் அது எஃகால் ஆன ஒரு போல்ட். மரை, அதாவது திருகின் புரி, நேராகவும் முழுமையாகவும் இருந்து, தலையின் ஆறு முனைகளும் மழுங்காமல் இருந்தால், அதையே மீண்டும் மீண்டும் போடலாம். பிளக்கையே மாற்றியாக வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் பணம் கேட்பவரை நான் ஐயத்துடன்தான் பார்ப்பேன். ஆனால் எண்ணெயை வெளியே விடாமல் தடுப்பது பிளக்கின் மரையன்று. அந்த மரை குழாய் இணைப்புகளில் இருப்பதுபோல் நுனி நோக்கிச் சரிந்து இறுகுவதன்று. அது நேர்மரை, இழுத்துப் பிடிக்க மட்டுமே பயன்படுவது. அடைக்கும் வேலையைச் செய்வது வாஷர். அலுமினியமோ செம்போ உள்ளீடற்ற மடிப்பு உலோகமோ, அது பிளக்கின் தலைக்கும் ஆயில் சம்ப் என்று நீங்கள் சொல்லும் அடித்தொட்டியின் முகத்துக்கும் இடையே நசுங்கி, இரண்டிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் புகுந்து அவற்றை நிரப்புகிறது. ஒரு முறை நசுங்கிய உலோகம் அந்த நெகிழ்வை இழந்துவிடும். அதே வாஷரைச் சற்றே திரும்பிய நிலையில் மீண்டும் வைத்தால், பழைய தழும்புகள் புதிய இடத்தில் பொருந்தாமல் எண்ணெய்க்கு வழி விடும்.

செம்பு வாஷரைச் செஞ்சூடாகக் காய்ச்சி ஆறவிட்டால் அது மீண்டும் இளகும் என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். எங்கள் காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. அலுமினியத்தில் அந்த வித்தை எளிதில் பலிக்காது. சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் அந்த உலோகம், உருகும் முன் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பதும் இல்லை. மடித்துச் செய்த வாஷரை எப்படிக் காய்ச்சினாலும் மடிப்பு திரும்ப வராது.

உண்மையான சேதம் இதற்கு அடுத்த கட்டத்தில் நிகழ்கிறது. பழைய வாஷருடன் இறுக்கிய பிளக்கில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்து தொங்குகிறது. மெக்கானிக் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார். கசிவு நிற்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். அடித்தொட்டி அலுமினிய வார்ப்பாக இருந்தால், எஃகு மரைக்கு முன் அலுமினிய மரைதான் தோற்கும். உடனே தோற்றால்கூட நல்லது, யார் கையில் போனது என்பதாவது தெரியும். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இழுபட்டு, என்றோ ஒருநாள் வேறொரு பட்டறையில் பிளக்கைக் கழற்றும்போது அதன்மேல் சுருள் சுருளாக அலுமினியம் சுற்றிக்கொண்டு வரும். அன்று அங்கே நிற்கும் அப்பாவி மெக்கானிக் பழியை ஏற்கிறார். காரின் உரிமையாளர் போன மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரை போடவோ, தொட்டியையே மாற்றவோ நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழிக்கிறார். வாஷரின் விலையோ காப்பிக்கடையில் ஒரு தே-ஓ குடிக்கும் காசுதான்.

இறுக்கும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கு அதிகம் ஓடும் டொயோட்டா, ஹோண்டா, ஹியுண்டாய் கார்கள் பலவற்றில் இந்தப் பிளக்குக்குக் குறிக்கப்பட்ட அளவு ஏறத்தாழ 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு). பிஎம்டபிள்யூ எஞ்சின்கள் பலவற்றில் 25 மட்டுமே. 39 நியூட்டன் மீட்டர் என்பது, 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 16 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். உடல் எடையைச் சாய்த்து இழுக்கும் வேலையன்று அது. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் இம்பாக்ட் கன்னோ பல நூறு நியூட்டன் மீட்டர் கொடுக்கக்கூடியது. அதைக் கொண்டு டிரெயின் பிளக்கை இறுக்குவதை நான் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். எந்தப் பட்டறை என்று இங்கு எழுதப்போவதில்லை. கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்துவதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம், பூட்டுவதற்கு அதை எடுப்பது கூடவே கூடாது.

கைப்பழக்கமே போதும், டார்க் ரெஞ்ச் தேவையில்லை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்களுடைய கைகளை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் உண்மையில் பிடிக்கும் விசையாகிறது. மரையில் எண்ணெய் வழிந்திருந்தால் உராய்வு குறைந்து, அதே கைவிசை அதிகமாக இழுத்துவிடும். டிரெயின் பிளக்கைப் போல எப்போதும் எண்ணெயில் நனைந்தே கைக்கு வரும் போல்ட் காரில் வேறு எது? மரையையும் தொட்டியின் முகத்தையும் ஒரு துணியால் துடைத்துவிட்டு, பிளக்கை விரலால் கடைசிச் சுற்று வரை திருகி, அதன்பின் ரெஞ்சை வைத்தால் வேலை ஒரு நிமிடம்தான் கூடும். அப்படித் துடைக்கும்போதே, பழைய வாஷர் தொட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அது ஒட்டியிருப்பதைக் காணாமல் அதன்மேல் புதியதைப் போட்டு, இரண்டு வாஷர்களுக்கு நடுவே கசியும் வண்டிகளும் உண்டு.

மோட்டார்சைக்கிள்களுக்கு இது இன்னும் பொருந்தும். உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் ஓட்டும் சிறிய வண்டிகளில் பிளக் நேராக எஞ்சினின் அலுமினிய உறையிலேயே திருகப்படுகிறது. மரை போனால் மாற்றுவதற்குத் தனியாக ஒரு தொட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றுக்குரிய அளவும் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான். அவர்கள் ஓட்டும் தூரம் அதிகம், எண்ணெய் மாற்றும் தடவையும் அதிகம். பின்சக்கரத்தின் மேல் எண்ணெய் வழிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பிளக்கையே மாற்ற வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. வோக்ஸ்வேகன் குழுமத்தின் எஞ்சின்கள் பலவற்றில் வாஷர் பிளக்கோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகிறது; அங்கே ஒவ்வொரு முறையும் புதிய பிளக் போட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். அண்மைக்கால எஞ்சின்கள் சிலவற்றில் தொட்டியும் பிளக்கும் பிளாஸ்டிக். ரப்பர் வளையத்துடன் திருப்பிப் பூட்டும் அந்தப் பிளக்கும் ஒரு முறைக்கு மட்டுமே உரியது. இவற்றுக்கு மாற்றியே தீர வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நாங்கள் மறுபேச்சின்றிப் பணம் கொடுப்போம். காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

இத்தனை வகை வாஷர்களை வாங்கி அடுக்கி வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். 12 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் என்ற இரண்டு உள்விட்டங்களில் சில வகைகளை வைத்திருந்தாலே உங்கள் வாசலுக்கு வரும் கார்களில் பெரும்பகுதிக்குப் போதும். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) செல்லும் குழாய் வழியே எண்ணெயை உறிஞ்சி எடுப்பதால் பிளக்கைத் தொடுவதே இல்லை என்று சில பட்டறைகள் சொல்கின்றன. அதில் தவறில்லை, சில தயாரிப்பாளர்கள் அதற்கு இடம் கொடுத்தே எஞ்சினை வடிவமைக்கிறார்கள். ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கிடைக்கும் செய்தியை அந்த முறை தராது. காந்தம் பொருத்திய பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் ஒட்டியிருந்தால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது என்று பொருள். எப்போதும் உறிஞ்சுவதாக இருந்தால் அதையும் பில்லில் குறியுங்கள்.

இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கு உரியது; பலர் அதை மேலும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் மாற்றினால் 20 ஆண்டுகளில் அந்த ஒரு மரை 40 முறை திறந்து மூடப்படுகிறது. ஒழுங்காகச் செய்தால் தாங்கும். மேலும் இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையிலும் நிறுத்துமிடத்திலும் சொட்டிய எண்ணெயை மழை வடிகாலுக்குள் கொண்டுபோனால் அது நீர்த்தேக்கத்தின் பக்கம்தான் போகும்.

உங்களிடம் வராமல் தாங்களே எண்ணெய் மாற்றிக்கொள்ளும் சிலர் இங்கும் இருக்கிறார்கள், பெரும்பாலும் தரைவீடுகளில் வசிப்பவர்கள். அவர்களைப் போட்டியாகப் பார்க்க வேண்டாம். ஒருவர் வந்து தன் காருக்கு ஒரு வாஷர் கேட்டால், அதை மட்டும் விற்பதில்லை என்று திருப்பி அனுப்பாமல் விற்றுக் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காமல் தாங்கு கால்களை வைக்கும்படி ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் செய்யலாம். உங்கள் பட்டறைகளின் கழிவு எண்ணெய் நச்சுத் தொழிற்கழிவாகக் கருதப்பட்டு, உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களிடம் போகிறது. வீட்டில் எண்ணெய் மாற்றியவர் நான்கு லிட்டர் பழைய எண்ணெயைப் புதிய எண்ணெய் வந்த புட்டியிலேயே ஊற்றிக் கொண்டுவந்தால் உங்கள் பீப்பாயில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேறு வழி தெரியாமல் போனால் அது குப்பைச் சரிவிலோ வடிகாலிலோ போய்ச் சேரும். சிறு கட்டணம் கேட்டாலும் கொடுப்பார்.

பில்லில் எழுத வேண்டிய வரியையும் சொல்லிவிடுகிறேன்: "வாஷர் புதியது, 14 மில்லிமீட்டர், பிளக் பழையது, மரை நன்று, இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர்." நீங்கள் இதை ஆங்கிலத்திலோ சீனத்திலோ மலாயிலோ எழுதினாலும் சரி. மரை நன்றாக இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதி, கழற்றிய பிளக்கை ஒரு சிறு பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுங்கள்; அடுத்த முறை அவர் உங்களிடமே வருவதற்கும், உங்களுக்கு முன் அந்தக் காரைத் தொட்டவரின் குற்றம் உங்கள் தலையில் விழாமல் இருப்பதற்கும் அந்தப் பில் சான்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்துப் பணிமனை ஊழியர் ஒருவர்