இல்லாத நூலுக்கு பில் போட்டோம்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

நம் பில்லிங் புரோகிராமின் கதை உங்களுக்குத் தெரியும். போன வருடக் கூட்டத்திலும் பேசினோம், "பார்க்கலாம்" என்றீர்கள். போன வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எல்லாக் கிளைக்காரர்களும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம், பல வருடமாக நம்மிடமே நூல் வாங்கும் தறிக்காரர் ஒருவர் டெம்போவோடு கரூர் கிளைக்கு வந்து 40-ம் நம்பர் நூலில் (நம்பர் என்றால் நூலின் மென்மை அளவு) 10 மூட்டை கேட்டார். திரையில் 14 மூட்டை இருப்பு காட்டியது. பணத்தை வாங்கி பில் போட்டேன். இரண்டு ஊருக்கும் பொதுவான குடோனுக்குப் போனால் 2 மூட்டைதான் கிடக்கிறது. மீதி 12 மூட்டைக்கு மதியமே ஈரோடு ஆபீசில் பில் போட்டு, வண்டியும் போய்விட்டது. அங்கே போட்ட பில் இங்கே தெரிய வேண்டுமானால், ராத்திரி அவர்கள் டேட்டாவை ஜிப் செய்து மெயிலில் அனுப்ப வேண்டும், மறுநாள் காலை நான் அதை இறக்கி ஏற்ற வேண்டும்.

"பாவு ஏத்தி வெச்சிட்டேன் தம்பி, ஊடைக்கு நூல் இல்லாம தறியாளுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். பாவு நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல்; இரண்டும் இருந்தால்தான் தறி ஓடும். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. டெம்போ வாடகையையும் அவரே கொடுத்துவிட்டுக் காலி வண்டியோடு போனார். நான் அரசின் ஈ-இன்வாய்ஸ் தளத்தில் (ஜிஎஸ்டி பில்களைப் பதிவு செய்யும் இணையதளம்) அந்த பில்லை ரத்து செய்ய உட்கார்ந்தேன். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யாவிட்டால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டு) போட வேண்டும். நம் புரோகிராமுக்கும் அந்தத் தளத்துக்கும் தொடர்பே இல்லாததால், ஒவ்வொரு பில்லையும் இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை என்று இரண்டு தடவை அடிக்கிறோம். ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினால் திரும்பவும் முதலிலிருந்து.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எல்லாக் கிளைக்கும் ஒரே டேட்டாபேஸ், பிரவுசரில் திறந்து பில் போடுகிற மாதிரி ஒரு வெப் அப்ளிகேஷன். ஈரோட்டில் ஒரு மூட்டை போனால் அந்த நிமிடமே கரூரில் இருப்பு குறைய வேண்டும்.

இப்போது இருப்பது விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற மைக்ரோசாஃப்டின் பழைய புரோகிராமிங் மென்பொருளில் எழுதியது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2004-ல், மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2015-ல். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதுகூட பழைய வாட் கட்டத்திலேயே ஒட்டுப் போட்டு ஓட்டினோம். கரண்ட் போனால் டேட்டாவைத் தேடித் தரும் இண்டெக்ஸ் கெட்டுப்போகிறது, சரிசெய்ய எல்லோரும் புரோகிராமை மூடி வெளியே வர வேண்டும், யாராவது ஒருவர் புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு சாப்பிடப் போயிருந்தால் அவர் வரும்வரை வாடிக்கையாளர் நிற்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இந்தத் தொழிலையே விட்டுவிட்டார், இன்னும் நம் போனை எடுக்கிறாரே, அது அவருடைய பெரிய மனசு.

ஷோரூமுக்குக் கண்ணாடி போட்டோம், வாசலில் புது போர்டு வைத்தோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில்தான் கம்பெனியின் மொத்த வரவு செலவும் இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றுபோனால் வெளியே நிற்கும் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது? இதைச் சொன்னால் "அனுசரித்துப் போங்க" என்கிறார்கள். எத்தனை வருடம் அனுசரிப்பது? தப்பு நடந்தால் திட்டு வாங்குவது மட்டும் நாங்கள்தானே.

கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நெட் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கிளைக்கு ஒரு மொபைல் டேட்டா இணைப்பு மாற்றுக்கு வைத்தால் சமாளிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஏப்ரல் 1 தொடக்க இருப்போடு ஆரம்பித்து, ஒரு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும், கணக்கு ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்தலாம். பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து தருகிறோம்.

தயவுசெய்து இந்த மாதத்துக்குள் ஒரு தேதி சொல்லுங்கள். பில் போடுகிறவர்களில் இரண்டு பேரையாவது அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அப்புறம், அந்தத் தறிக்காரருக்கு டெம்போ வாடகையைத் திருப்பிக் கொடுக்கவும் அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
கரூர் கிளையில் பில் போடும் ஊழியன்