சாமணம் அனுப்புகிறேன்

அன்பு மகள்,

நேற்று நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் நாலைந்து தடவை பார்த்தோம். டொரன்டோ ரூஜ் பூங்காவில் இடுப்பளவு புல்லுக்குள் பேரன் அரைக்காற்சட்டையோடு ஓடுகிறான். அம்மா அவன் வளர்ந்ததைப் பார்த்தாள். நான் அவன் காலைத்தான் பார்த்தேன்.

உன் வலது கணுக்காலில் பொட்டளவு தழும்பு ஒன்று இருக்கிறதே, அடுப்படியில் சுட்டுக்கொண்டாய் என்று சொல்லி வளர்த்தோம். சுட்டது நான்தான். அட்டனில் மாமா வீட்டு நாயோடு விளையாடிவிட்டு வந்த இரவு, வெள்ளவத்தை வீட்டில் வைத்து உன் காலில் உண்ணியைக் கண்டோம். சூடு பட்டால் தானாகக் கழரும் என்று யாரோ சொன்னார்கள், ஊதுபத்தியை வைத்தேன். உண்ணி கழரவில்லை, தோல் பொசுங்கியதுதான் மிச்சம். செட்டியார் தெருவில் முப்பது வருடம் நகை வேலை செய்தவன், மேசை லாச்சியில் ஆறேழு சாமணம் கிடக்க, ஊதுபத்தி தேடியிருக்கிறேன் பார்.

உண்ணியின் வாயில் பின்பக்கம் சாய்ந்த முட்கள் இருக்கும், தூண்டில் மாதிரி. எண்ணெய், வாசலின், நெயில் பொலிஷ் எதற்கும் அது விடாது, நேரம்தான் போகும். கூர்நுனிச் சாமணத்தால் தோலோடு ஒட்ட, தலைப் பக்கமாகப் பிடி. வயிற்றை நசுக்காதே. திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேரே மேலே தூக்கு. வாய்த் துண்டு உள்ளே நின்றால் கிண்டிப் புண்ணாக்காதே, விட்டுவிடு. பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவு.

இங்கே உண்ணி காதுக்குள் புகுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் உண்ணிக்காய்ச்சல் என்கிறோமே, அதைப் பரப்புவது வேறொரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. உங்கள் பக்கத்துக் கருங்கால் உண்ணி கொண்டுவருவது லைம் நோய். அதன் குஞ்சு கசகசா அளவுதான், கடித்தாலும் நோகாது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றுவது அரிது. அதனால்தான் தேடச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவுடன் பிள்ளையைக் குளிக்க வார்த்து, காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள், கக்கத்தில், தொப்புளில், கவட்டில், முழங்கால் மடிப்பில் விரலால் தடவிப் பார். போட்ட உடுப்பைத் தோய்க்கமுதல் டிரையரில் கடும் சூட்டில் பத்து நிமிடம் விடு.

நடக்கும்போது பாதையின் நடுவால் நடவுங்கள். உண்ணி பாயாது, பறக்காது. புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டு, உரசிப் போகிறவர்களுக்காகக் காத்திருக்கும். வெளிர் நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியை மேசுக்குள் செருகிவிடு. அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். டீட் அல்லது இகாரிடின் உள்ள பூச்சி விரட்டியும் பூசு. வயதுக்கு எவ்வளவு என்று போத்தலில் எழுதியிருக்கும்.

கடித்திருந்தால் திகதியைக் கலண்டரில் குறித்து வை. 3 முதல் 30 நாளுக்குள் கடித்த இடம் சிவந்து பரவினாலோ, காய்ச்சல், மூட்டு நோவு வந்தாலோ டொக்டரிடம் உண்ணி கடித்தது என்று முதலில் சொல். அந்தச் சிவப்பு எல்லோருக்கும் வளையம் மாதிரி வராது. எடுத்து 72 மணி நேரத்துக்குள் போனால் சிலருக்கு ஒரேயொரு தடவை மருந்து தந்து தடுப்பார்கள். ஒன்ராறியோவில் பார்மசியிலேயே கேட்கலாம்.

சின்னம்மாவின் மகன் வெள்ளிக்கிழமை பறக்கிறான். என்னுடைய சாமணத்தில் நல்லதாக ஒன்றைத் துடைத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன். புருவம் பிடுங்கி நுனியை வளைத்துப்போடாதே.

அன்புடன்,
அப்பா