அரங்கம் இருட்டாக இருந்ததாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் நகர உலாவையும் நீர்வண்ண ஓவியக் கண்காட்சியையும் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர், "நல்ல விளக்குப் போடக்கூட அவர்களுக்கு மனமில்லை" என்று சலித்துக்கொண்டிருக்கிறார். படங்கள் மேல் மனம் இருந்ததால்தான் போடவில்லை. ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; காகிதத்தில் தீட்டியவற்றுக்கு 50 லக்ஸ்தான் அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் வரம்பு. எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். தாங்கள் அறியாததா? ஒளியின் கேடு சேர்ந்துகொண்டே போகும். 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த சிவப்புகள் முதலில் வெளிறும், வெளிறியது திரும்பாது.

உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதில் நடந்துவிட்டு நேரே உள்ளே நுழைந்தால் எந்த அரங்கமும் இருட்டுத்தான். முன்கூடத்தில் ஐந்து பத்து நிமிடம் நின்று அறிமுகப் பலகையைப் படித்தால் கண் பழகிவிடும். அவர் குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் கண்ணாடியில் மின்னிய விளக்கைச் சொல்லியிருக்கலாம். செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் ஒளி விழவேண்டும். அதிகம் சாய்ந்தால் பார்ப்பவரின் நிழலும் எதிரொளிப்பும்; நிமிர்ந்தால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல். இதையெல்லாம் கவனிக்க அவருக்கு நேரம் ஏது?

தெருவிலும் இதே கதைதான். பழைய கிடங்குச் சுவரிலுள்ள நட்சத்திர இரும்புத் தகடுகள் 'அலங்காரம்' என்கிறார். பிதுங்கும் சுவர்களை உள்ளே ஊடுருவி இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் முனைகள் அவை. கட்டடத்தைச் சுற்றிப் போயிருந்தால் எதிர்ச்சுவரில் அதே மட்டத்தில் ஜோடித் தகடுகள் தெரிந்திருக்கும். இதற்கு முன்னொரு இதழில் பாதாளச் சாக்கடை மூடியின் படத்தைப் போட்டு, அதிலிருந்த, மூடியை வார்த்த ஆலையின் பெயரை 'மர்ம எழுத்து' என்று அச்சிட்டவர்களும் நீங்கள்தானே.

போகட்டும். ஓவியங்களை நாலு பக்கமும் வெட்டி அச்சிடுகிறீர்கள். அசல் ஓவியம் உள்ளங்கை அளவா, ஆளுயரமா என்று வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இனியாவது படத்தின் கீழே ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம், உயரம், அகலம் என்று ஒரே ஒரு வரி சேர்க்கத் தயவு செய்யுங்கள். இடம் போதாதென்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்