எடைக் கருவிக்குப் பக்கத்தில் ஓர் இஞ்ச் டேப்

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் வரும் நாளில் வரிசையைச் சரிசெய்வதும், செருப்பைக் கழற்றச் சொல்லிக் கத்துவதும் என் வேலை.

சென்ற முறை ஆறாம் வகுப்புப் பையன்கள் இருவர் அடுத்தடுத்து ஏறி நின்றார்கள். இருவருக்கும் உயரம் 138 செ.மீ., எடை 35 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) 18.4. இரண்டு அட்டையிலும் 'இயல்பு' என்றே எழுதினீர்கள். கணக்கில் பிழையில்லை. முதல் பையன் ஜூன் மாதம்தான் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். கிணற்றில் நீந்தியவன், சைக்கிளில் பள்ளிக்குப் போனவன். மற்றவன் இந்தத் தெருவிலேயே பிறந்தவன். மனம் கேட்காமல் அன்று மாலை இருவர் இடுப்பையும் அளந்தேன். கிராமத்துப் பையனுக்கு 60 செ.மீ., நம் தெருப் பையனுக்கு 71. கம்பியில் தொங்கச் சொன்னேன். கிராமத்துப் பையன் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய்விட்டுச் சிரித்தான். நம் தெருப் பையன் ஐந்து எண்ணுவதற்குள் கையை விட்டுவிட்டான்.

எடைக் கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். உடம்புக்கு அப்படியில்லை. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்போ, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகக் கிராமத்துப் பிள்ளை என்றாலே வைரம் பாய்ந்த உடம்பு என்றும் சொல்லமாட்டேன். 2003இல் வெளியான புனே ஆய்வில், மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அங்குள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பிறந்தபோது சராசரி எடை புனேக் கிராமங்களில் 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் குழந்தைக்குள்ளும் கொழுப்பின் பங்கு கூடுதல். ஓடியாடி உழைக்கும்வரை அது அடங்கியிருக்கும். அதே பிள்ளை நகரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த ஊத்துக்கோட்டைப் பையனை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

உட்காரத்தான் செய்வான். தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போது எந்தத் தாய் பிள்ளையை விளையாட அனுப்புவாள்? பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் இறங்குகிறது. ஆனால் இங்கிருக்கும் பிள்ளையின் கையில் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பொட்டலம். காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தபின் வெறும் வயிற்றோடு வருபவர்கள் குறைந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வயிறு நிரம்பினால் மட்டும் தசை வளர்ந்துவிடாது. வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வகுப்பு. அதில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

நான் கேட்பது பெரிய கருவி அல்ல. அட்டையில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு கட்டம், தையல் கடையில் கிடைக்கும் ஓர் இஞ்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டினால் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். 138 செ.மீ. பையனுக்குப் பாதி 69. அந்த 71 அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். கிராமத்துப் பள்ளிகளிலும் இதையே அளந்தால்தான் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட முடியும். எடையை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் திரை கட்டி, பெண் செவிலியரே அளக்கட்டும். எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம். போன முறை ஒரு சிறுமியின் எடையைக் கூவிச் சொன்னதில், மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது. பத்து நாள் அவள் மைதானத்துக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்