பணி ஆணை இருந்தும் அச்சம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைப் பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை ஆட்குறைப்பையும் ஒப்பந்தப் பணிமுறையையும் மட்டுமே அலசியிருந்தது. நிறுவனம் இலாபத்தில் இயங்கும்போதும், கையில் நிரந்தரப் பணி ஆணை இருக்கும்போதும், நாளை இந்த இருக்கை தமக்கு உண்டா என்று ஊழியர் அஞ்சுவதற்கு மேலதிகாரியின் எதேச்சாதிகாரப் போக்கு ஒன்றே போதும் என்பதையும் அதில் சேர்த்திருக்கலாம்.

1984-இல் கிரீன்ஹால்ஷ், ரோசன்பிளாட் ஆகிய இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, வேலை பறிபோகும் வாய்ப்பை மட்டும் பாராமல், அதைத் தடுக்கத் தம்மால் ஒன்றும் இயலாது என்ற உணர்வையும் பணிப் பாதுகாப்பின்மையின் கூறாகக் கொண்டது. அந்த இயலாமையைத்தான் இத்தகைய தலைமை நாள்தோறும் வளர்க்கிறது. நேற்றுப் பாராட்டப்பட்ட அதே வேலைக்கு இன்று விளக்கம் கேட்கப்படும்போது, எதைச் செய்தால் பணி நிலைக்கும் என்பதை விதிகளைப் பார்த்து அறிய முடிவதில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நான் கணக்குப் பிரிவில் பணிபுரிந்த ஓரிடத்தில், "பிடிக்காதவர்கள் போகலாம், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள்" என்று மேலாளர் கூட்டந்தோறும் சொல்வார். அவர் காலத்தில் ஒருவர்கூட நீக்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும், பேரேட்டில் தாம் கண்ட பிழையைச் சொன்னால் பழி தம்மீதே விழும் என்று அஞ்சிய சக ஊழியர், தணிக்கை வரும்வரை வாய் திறக்கவில்லை. வேறிடத்தில் வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள் முதலில் விலகினர். எஞ்சிய நாங்கள் எதற்கும் தலையாட்டப் பழகினோம்.

கண்டிப்பை நான் குறை கூறவில்லை. விதியை முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் ஒன்றுபோல நடத்தும் கண்டிப்பான அதிகாரியிடம் ஊழியர் நிம்மதியாகவே இருப்பார். அச்சம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பவர்களுக்கு ஒன்று: 1930-களின் இறுதியில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் சிறுவர் குழுக்களைக் கொண்டு நடத்திய சோதனையில், எதேச்சாதிகாரத் தலைவர் அறையை விட்டு அகன்றதும் வேலையும் தளர்ந்தது.

பணி மதிப்பீட்டில் குறை எழுதப்பட்டால் அதன் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். முறையீட்டை வேறோர் அதிகாரி விசாரிக்க வேண்டும். பல அலுவலகங்களில் முறையீடு, யாரைப் பற்றியதோ அவருடைய மேசைக்கே திரும்பிச் செல்கிறது. அடுத்த கட்டுரையில் இதைப் பற்றியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்